பெட்டியும் கட்டுக் கயிறும்

விமானம் தரையைத் தொட்டவுடன் பிரயாணம் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் நம் வீடுகளில் இலர். ஊரிலிருந்து பேசுவோர், "இறங்கியாச்சா?" என்று ஒருமுறை கேட்டால், "சாமானெல்லாம் வந்துட்டா?" என்று இருமுறை கேட்பர். இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே, வந்தவர் தம் வீட்டாரின் மனத்தில் ஊர் வந்து சேர்கிறார். இதனைப் பொருளாசை என்று நகைப்போர் உண்டு. அவர்கள் ஈராண்டு, மூவாண்டு அயலூரில் உழைத்துவிட்டு வருபவரின் பெட்டியைத் திறக்கும்போது உடன் இருந்ததில்லை போலும். இன்னாருக்கு இன்னது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதாமல் எழுதப்பட்டிருக்கும். வாப்பாவின் முழங்காலுக்குத் தைலம், மருமகளுக்குத் துணி, பள்ளிவாசல் மோதினாருக்கு ஒரு சிறு அத்தர்ப் புட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிட்டாய். ஒருவர் பெயர் விடுபட்டால்கூட அந்த வீட்டில் அது பல நாள் பேசப்படும். அத்தகைய பெட்டி வராமற்போனால் குறைவது இருபது, முப்பது கிலோ எடை மட்டுமா?

வருகைக் கூடத்தில் சுழன்று வரும் பட்டையில் நம்மவர் பெட்டிகளை இனங்காண்பது எளிது. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின்மேல் முடிச்சிட்டு, கைப்பிடியில் ஒரு பச்சைத் துணியோ சிவப்பு நாடாவோ தொங்கவிட்டு, பக்கவாட்டில் பெயரும் ஊரும் தெருவும் தடித்த எழுத்தில் எழுதியிருப்பர். இக்காலத்து இளைஞர் சிலர் இதற்கு நாணுகின்றனர். கயிறு கட்டிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது நாட்டுப்புறத்தனம் என்பது அவர்கள் எண்ணம். நாம் கயிற்றின் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே ஆலையில் வார்த்ததுபோல் வரும் நூறு பெட்டிகளுக்கிடையே தன் பெட்டியைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும் முதியவரை நாணவைக்க எந்த நாகரிகத்துக்கும் உரிமையில்லை. கயிற்றைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. அது பின்னர் வரும்.

பெட்டிக்கும் பிரயாணிக்கும் இடையே இந்தப் பிரிவு விமானத்தோடு வந்தது. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய காலத்தில், தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் அவர்களுடைய காலடியிலேயே கிடந்தன. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை அவ்வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பிரயாணம் செய்தவர்கள், பெட்டியையே தலையணையாகவும் மேசையாகவும் சுவராகவும் கொண்டனர். 'ரஜூலா'வுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீக்கு இரையாகும்வரை அதே கதைதான். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு 1995 வரை சென்ற ஹஜ் கப்பல்களில் அரிசி, பருப்பு, அடுப்பு முதற்கொண்டு ஒரு குடித்தனமே உடன் ஏறிற்று. அக்காலத்திலும் களவு உண்டு, கடல்நீர் புகுந்து கெடுவதும் உண்டு. ஆனால் பெட்டி எங்கே என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்க வேண்டிய நிலை அரிது. விமானமோ நம்மை மேலும் பெட்டியைக் கீழும் வைத்து, இருவருக்கும் வெவ்வேறு வாசல் அமைத்துவிட்டது. நம் கையில் எஞ்சுவது சீட்டின் பின்புறம் ஒட்டப்படும் ஒரு சிறு காகிதத் துண்டு.

அந்தத் துண்டை எவரும் படித்துப் பார்ப்பதில்லை. படித்துப் பார்த்தல் நலம். அதில் மூன்று ஆங்கில எழுத்துகளும் பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும் இருக்கும். மூன்று எழுத்து, பெட்டி எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதைக் குறிப்பது. ஜித்தாவுக்கு ஜே.இ.டி.; திருச்சிக்கு டி.ஆர்.இஸட்.; சென்னைக்கு எம்.ஏ.ஏ. 1996-இல் பட்டணத்தின் பெயர் மாறியும் பெட்டிகளின் வழக்கில் அது இன்றும் மதராஸ்தான். பத்து இலக்கத்தில் முதலிலக்கத்தை அடுத்த மூன்றும் எந்த விமானக் கம்பெனி என்பதைச் சொல்லும். கடைசி ஆறும் அந்தப் பெட்டிக்கே உரிய எண். பெட்டியின் கைப்பிடியில் சுற்றப்படும் நீண்ட சீட்டில் இதே எண் கோடுகளாக அச்சாகியிருக்கும். நிலையத்தின் அடித்தளத்தில் ஓடும் பட்டைகளில் பெட்டி செல்கையில் ஒளிக்கருவிகள் அக்கோடுகளைப் படித்து, இது இன்ன விமானத்துக்குரியது என்று உரிய கிளையில் தள்ளிவிடுகின்றன. சீட்டு மடிந்திருந்தாலும், கசங்கியிருந்தாலும், பழைய பிரயாணத்துச் சீட்டு கிழிக்கப்படாமல் உடன் தொங்கினாலும் கருவி தடுமாறும். அப்போது ஓர் ஆள் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆளும் நேரமும் இல்லையெனில் பெட்டி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.

மிகுந்த இடர் விளைவது விமானம் மாறும் இடத்தில். ஜித்தாவிலிருந்தோ ரியாதிலிருந்தோ வளைகுடாவின் மற்றொரு நகர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ ஊர் வருவது நம்மவர் பலரின் வழக்கம். நேர்விமானத்தைவிட அது மலிவு. முதல் விமானம் அரைமணி தாமதித்து இறங்கினாலும் பிரயாணி ஓடிப்போய் அடுத்ததைப் பிடித்துவிடுவார். பெட்டியால் ஓட முடியாது. அது இறக்கப்பட்டு, வண்டியிலேற்றப்பட்டு, சோதனைக் கருவிக்குள் புகுந்து, பிரிக்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட வேண்டும். உலக விமானக் கம்பெனிகளுக்குத் தகவல் தொடர்பு வசதி செய்துதரும் எஸ்.ஐ.டி.ஏ. எனும் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2007-இல் ஆயிரம் பிரயாணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறிப்போயின. 2024-இல் அது 6.3 ஆகக் குறைந்துள்ளது. குறைந்தது உண்மை. ஆயினும் பிரயாணிகள் பெருகிவிட்டபடியால், அந்த ஆண்டில் தாமதித்தும் சேதமுற்றும் காணாமலும் போன பெட்டிகள் 3 கோடியே 34 லட்சம். அவற்றுள் பெரும்பாலானவை பிந்தியேனும் வந்து சேர்ந்தவை என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

இயந்திரத்தைப் பெருக்கினால் இடர் நீங்கிவிடும் என்று நம்பியோர் பட்ட பாட்டுக்கு இரு சான்றுகள் போதும். அமெரிக்காவின் டென்வர் நகரில் மனிதக் கை படாமல் பெட்டிகளைக் கொண்டுசெல்லவென்று அமைத்த பெருந்திட்டம், பெட்டிகளைக் கவிழ்த்தும் பிளந்தும் தள்ளியது. அதனாலேயே 1993-இல் திறக்கவேண்டிய நிலையம் 1995-இல்தான் திறந்தது. 2005-இல் அத்திட்டத்தையே கைவிட்டனர். லண்டன் ஹீத்ரோவில் 2008 மார்ச் 27-ஆம் நாள் திறக்கப்பட்ட ஐந்தாம் முனையத்தில் முதல் நாளே பெட்டி ஏற்பாடு குலைந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் குவிந்தன. அவற்றில் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க இத்தாலியின் மிலான் நகருக்கு லாரியில் அனுப்பினார்கள்! இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

பெட்டி வேறு, ஆள் வேறாகப் பறப்பதில் உயிராபத்தும் உண்டு. 1985 ஜூன் 23-ஆம் நாள், ஏர் இந்தியாவின் 182-ஆம் விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். கனடாவின் வான்கூவரில் ஒருவன் பெட்டியை ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் நின்றுகொண்டான். அதே நாளில் ஜப்பானின் நரிதா நிலையத்தில் வெடித்த மற்றொரு பெட்டி, சாமான் ஏற்றியிறக்கும் தொழிலாளர் இருவரைப் பலிகொண்டது. ஆள் ஏறாவிடில் அவர் பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்ற விதி சர்வதேசப் பிரயாணங்களில் இறுகியது இத்தகைய துயரங்களின் பின்னரே. புறப்படும் வேளையில் எவரோ ஒருவர் வராததற்காக விமானம் நிறுத்திவைக்கப்பட்டுப் பெட்டி தேடப்படுகையில் முணுமுணுப்போர் இதனை நினைவிற் கொள்க. கொளுத்தும் வெயிலில் விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்தவாறே பெட்டிகளை அடுக்கும் தொழிலாளர் மீதும் நமக்குக் குறையில்லை. வளைகுடா நிலையங்களில் அவர்களுள் பலர் நம் மக்களைப்போன்றே ஊரைவிட்டுப் போனவர்கள். நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதனைச் சொல்வதற்கு நம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு நாம் குடும்பத்துடன் உம்ராவை முடித்துத் திரும்பினோம். வழியில் விமானம் மாற வேண்டியிருந்தது. முதல் விமானம் பிந்திற்று. திருச்சியில் இறங்கியபோது நான்கு பெட்டிகளில் மூன்று வந்தன. தனித்தனி அட்டைப் பெட்டிகளில் அடைத்துத் தந்த ஜம்ஜம் நீர்க் கலன்கள் அனைத்தும் ஒரு சொட்டுக் கசிவின்றி வந்தன. நான்காவது பெட்டி வரவில்லை. அதில் இருந்தவற்றுள் பேரீச்சம்பழமும் தஸ்பீஹும் முஸல்லாக்களும் மீண்டும் வாங்கத்தக்கவை. ஒன்று மட்டும் அப்படியல்ல. நம் பெரியும்மாவுக்கு அப்போது வயது எண்பத்தாறு. புறப்படும் நாளன்று நம் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேற எதுவும் வேணாம் வாப்பா. மக்கத்துல கபன் துணி வாங்கி ஜம்ஜம்ல நனச்சுக் கொண்டாந்துரு, அது போதும்" என்று சொல்லியிருந்தார்கள். அவ்வாறே ஐந்து துண்டும் வாங்கி, தங்கியிருந்த அறையில் நனைத்து உலர்த்தி, மடித்து வைத்திருந்தோம். இவ்வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்று வினவும் ஆலிம்கள் உளர், அவர்கள் வினவட்டும். எண்பத்தாறு வயதில் ஒருவர் கேட்பதற்கு நாம் ஆதாரம் கேட்கவில்லை.

நிலையத்திலிருந்த விமானக் கம்பெனி ஊழியர் ஒரு படிவம் நிரப்பினார். பல வடிவப் பெட்டிகளின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் காட்டி, நம்முடையது எந்த வடிவம், எந்த நிறம் என்று கேட்டார். சொன்னோம். சிவப்புக் கயிறு கட்டி, இரட்டை முடிச்சிட்டு, முடிச்சில் பச்சைத் துணி சுற்றியிருப்பதையும் சொன்னோம். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. உள்ளே என்ன என்றார். வெள்ளைத் துணி என்றோம். "துணின்னா சட்டையா சார், சேலையா?" என்றார். தைக்காத துணி என்றோம். "மதிப்பு எவ்வளவு? பில் இருக்கா?" என்றார். அவரிடம் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. படிவம் கேட்டதை அவர் கேட்டார். ஒரு நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்று உறுதியும் சொன்னார்.

ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் ஆயிற்று. தொலைபேசியில் அழைத்தால் இசை கேட்கும். இருபது நிமிடம் கழித்து ஒரு குரல், தேடுகிறோம் என்று சொல்லும். மறுநாள் வேறொரு குரல், முதல் நாள் பேசியதை அறியாது, மறுபடியும் பெட்டியின் நிறம் கேட்கும். எந்த ஊரில் கடைசியாகப் பார்க்கப்பட்டது என்று கேட்டோம். அதற்கு மட்டும் ஒருவரும் விடை சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றார்கள். பெரியும்மா காலையிலும் அசருக்குப் பின்னும் ஆளனுப்பிக் கேட்பார்கள்: "பொட்டி வந்துட்டா வாப்பா?" வருகிறது என்போம். வழியில் இருக்கிறது என்போம். விமானக் கம்பெனி நமக்குச் சொன்ன அதே சொற்களை நாம் அவர்களுக்குச் சொன்னோம். சொல்வதற்கு வேறு இல்லை.

பன்னிரண்டாம் நாள் பஜ்ருக்குச் சற்று முன் பெரியும்மா மவுத்தாகிவிட்டார்கள். கடைத்தெருவில் வாங்கிய துணியில், வீட்டிலிருந்த ஜம்ஜம் நீரைத் தெளித்துக் கபனிட்டோம். ஜனாஸாவில் எக்குறையும் இல்லை. அல்லாஹ் அவர்களின் கபுரை விசாலமாக்குவானாக.

பத்தொன்பதாம் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு வண்டிக்காரர் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். கைப்பிடியில் நாம் போகாத ஒரு நாட்டின் சீட்டும், இன்னொரு நகரின் சீட்டும் தொங்கின. நம் சிவப்புக் கயிறு அறுக்கப்பட்டு, மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை போடப்பட்டிருந்தது. உள்ளே யாவும் பத்திரமாக இருந்தன. இரு நாள் கழித்துக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் முறையீடு இனிதே முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

இனி சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நம் வாசகர் குடும்பங்களில் ஆண்டுக்கொருமுறையேனும் விமானமேறாத வீடு இன்று குறைவு. 1929-இல் வார்சா நகரில் இயற்றிய உடன்படிக்கை, பெட்டிக்கு எடைக்கணக்கில் ஈடு வைத்தது: ஒரு கிலோவுக்கு 250 பொன் பிராங்க். பட்டும் பருத்தியும் கபனும் அதன் முன் ஒன்றே. 1999-இல் மாண்ட்ரியலில் செய்த புதிய உடன்படிக்கை கிலோக் கணக்கைக் கைவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்தது. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. சவூதி அரேபியாவும் அமீரகமும் முன்னரே சேர்ந்தவை. சர்வதேச நிதியத்தின் எஸ்.டி.ஆர். எனும் கணக்கு அலகில், தொடக்கத்தில் 1,000 ஆக இருந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆகியுள்ளது. சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டாலர் எனலாம். இது உச்சவரம்பேயன்றி, எல்லாருக்கும் கிடைக்கும் தொகையன்று. நட்டத்தை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

நாட்கணக்கு முக்கியம். பெட்டி சேதமுற்றிருந்தால், கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். தாமதித்து வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராவிடில், காணாமற்போனதாகக் கொண்டு ஈடு கேட்கலாம். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். விலையுயர்ந்த பொருள் உள்ளே இருப்பின், ஏற்றும்போதே அதன் மதிப்பை அறிவித்து, கம்பெனி கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தினால், வரம்புக்கு மேலும் ஈடு பெற வழியுண்டு. கவுண்டரில் இதனைத் தாமாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. நிலையத்தை விட்டு வெளியே வருமுன் முறைகேட்டுப் படிவம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி இன்றி வாங்க நேர்ந்த மாற்றுடைக்கும் மருந்துக்கும் ரசீது வைத்துக்கொள்ள வேண்டும். நாம் வைத்திருந்தோம், அதற்குரிய சிறு தொகை வந்தது. சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள், நகை, பத்திரங்கள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். திரும்பக் கிடைக்காத பொருள் எதுவாயினும் கைப்பையில் இருக்கட்டும் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஏழு கிலோ கைப்பையில் எத்தனை பொருளுக்கு இடமுண்டு?

சட்டத்தின் கண்ணில் நம் பெட்டி காணாமற்போகவில்லை. 19 நாள் தாமதம், அவ்வளவே. சட்டம் அளப்பது பொருளின் விலையையும் நாளின் எண்ணிக்கையையும். நம் மார்க்கச் சட்ட நூல்கள் இவ்விஷயத்தில் வேறிடத்திலிருந்து தொடங்குகின்றன. கூலிக்குப் பலருடைய பொருளையும் ஏற்றுச் செல்பவர், அது தொலைந்தால் ஈடு செய்ய வேண்டுமா என்ற கேள்வி இமாம்களின் காலத்திலேயே விவாதிக்கப்பட்டது. பொருள் அவர் கையில் அமானிதம். அவரால் கெட்டாலன்றி ஈடில்லை என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுபும் இமாம் முஹம்மதும் (ரஹ்), தவிர்க்கவே இயலாத பேராபத்து நேர்ந்தாலன்றி அவர் ஈடு செய்தாக வேண்டும் என்றனர். இல்லையேல் மக்களின் பொருளுக்குக் காவலிராது என்பது அவர்கள் நோக்கம். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றி அவர்களின் மாணவர் ரபீஉ அறிவிப்பது இன்னும் சுவையானது. கூலியாளர் மீது ஈடு இல்லை என்பதே இமாமவர்களின் உள்ளக் கருத்தாம். ஆயினும் தீய கூலியாளர்கள் அதனைத் துணையாகப் பிடித்துக்கொள்வர் என்று அஞ்சி, அதை வெளியிடாது இருந்தார்களாம். விமானமும் ஒளிக்கருவியும் இல்லாத நாளில், சுமை தூக்குவோரின் மனத்தை இவ்வளவு நுட்பமாக எடைபோட்டிருக்கின்றனர்.

கண்டெடுத்த பொருளைப் பற்றிய சட்டம் இதைவிட நம் நெஞ்சைத் தொடுவது. அதனை லுக்தா என்பர். ஒருவர் வந்து கேட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. அதன் கருத்து இது. கண்டெடுத்தவர் முதலில் அப்பொருள் இருந்த கொள்கலத்தையும் அதனைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஓராண்டுக் காலம் அதனை மக்களிடையே அறிவிக்க வேண்டும். உரியவர் வந்து அடையாளம் சொல்கையில் இனங்கண்டு ஒப்படைப்பதற்காகவே கொள்கலமும் கயிறும். கயிற்றின் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்று நாம் முன்பு சொன்னதற்கு இதுவே காரணம். பாலைவனத்தில் எவரோ தவறவிட்ட பைக்கும் ஒரு முடிச்சு உண்டு; அந்த முடிச்சு அதன் உரிமையாளரின் கைவேலை; அதைப் பார்த்து வைத்துக்கொள் என்பது எத்துணைப் பரிவு! நம் பெட்டியின் முடிச்சை ஓர் ஊழியர் எழுதிக்கொள்ளவில்லை. வேறு எங்கோ ஒருவர் அதனை அறுத்தே எறிந்துவிட்டார்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்றோர் ஊரில், 1970 முதல் ஒரு கடை நடந்து வருகிறது. தேடியும் உரியவர் அறியப்படாத பெட்டிகளை விமானக் கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக வாங்கி, திறந்து, உள்ளிருப்பவற்றை விற்பது அதன் தொழில். வெளியூர்களிலிருந்து மக்கள் அதனை வேடிக்கை பார்க்கவும் வாங்கவும் செல்கின்றனர். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஈடு கொடுத்து முடிந்த கணக்குகள். எனினும், யாருக்கோ என்று மடித்துவைத்த துணி அங்கே விலைச்சீட்டுடன் தொங்குவதை நினைக்கையில் மனம் ஒப்பவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா, 2018 ஜூன் முதல் தன் உறுப்பினருக்கு ஒரு கடமை விதித்துள்ளது. பெட்டியைப் பிரயாணியிடமிருந்து பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாற்றும்போது, இறுதியில் ஒப்படைக்கும்போது என நான்கு இடங்களில் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவு ஒழுங்காக நடந்திருந்தால், நம் பெட்டி எந்த நகரில் கிடந்தது என்பது இரண்டாம் நாளே எவருடைய திரையிலோ தெரிந்திருக்கும். சில கம்பெனிகள் அப்பதிவைப் பிரயாணியின் கைப்பேசியிலேயே காட்டுகின்றன. எனவே முடியாத காரியமில்லை. மற்றவையும் அதனை வாய்திறந்து சொல்லட்டும். இன்ன நகரில் இருக்கிறது, வர இத்தனை நாள் ஆகும் என்று ஒரு குரல் சொல்லியிருந்தால், பெரியும்மாவிடம் நாம் அதையே சொல்லியிருப்போம். அவர்கள் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்த்து, நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஈடு கோரி நாம் எழுதிய கடிதத்தில் ஐந்து துண்டு வெள்ளைத் துணிக்கு எத்தொகையும் குறிப்பிடவில்லை. அந்தத் துணி நம் மஹல்லாப் பள்ளிவாசல் அலமாரியில் மூன்று மாதம் இருந்தது. வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, நம்மூரில் காய்ச்சலில் இறந்துபோன ஒருவருக்கு, அதிலிருந்து மூன்று துண்டு எடுத்ததாக மோதினார் சொன்னார். அவர் ஊருக்குச் செய்தி சொல்ல இரண்டு நாள் ஆயிற்றாம்.